வண்டியும் வழியும்: குலசேகரன்பட்டினம் சாலையில் நான் படித்த பாடம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்றேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று, நான் தினமும் ஓட்டி வரும் பழைய மோட்டார் சைக்கிள். இன்னொன்று, அது ஓடி வரும் சாலை. நம்மில் பாதிப்பேர் வண்டியில்தான் வருகிறோம். அதனால் இரண்டையும் சேர்த்து ஒரு பாடமாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். இதில் கணக்கு வரும், கொஞ்சம் சரித்திரம் வரும், நான் செய்த ஒரு தப்பும் வரும்.

வண்டி வந்த கதை

எங்கள் ஊர் குலசேகரன்பட்டினம் பக்கத்தில். அப்பா பனையேறி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். பன்னிரண்டு முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு இயந்திரவியலில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்க பஸ். பதனீர் காலத்தில் காலையில் அப்பாவோடு விளைக்குப் போய், இறக்கிய பதனீரை விடிலிக்குக் கொண்டு சேர்த்துவிட்டுக் கிளம்பினால், நமக்கு உள்ள பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடம் இருக்காது. முதல் பீரியடு போய்விடும். வருகைப் பதிவு குறைந்து, பரீட்சை எழுத விடமாட்டார்களோ என்ற பயம் வந்துவிட்டது.

அம்மா போட்ட சீட்டு விழுந்த பணத்தில், 22 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய 100 சி.சி. வண்டி வாங்கினோம். பதினெட்டு முடியும் வரை அப்பா சாவியைத் தரவில்லை. கியர் வண்டி ஓட்டுவதற்கு 18 வயது ஆக வேண்டும் என்பது சட்டம். பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டி, உரிமம் கையில் வந்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது.

நூறு சி.சி. வண்டிக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கும் உள்ள உறவு பழையது. 1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச் சட்டத்தில் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டியதுதான் இன்றைய மோட்டார் சைக்கிளின் தொடக்கம். 1955இல் சென்னையில் புல்லட் வண்டி தயாரிப்பு தொடங்கியது. ஆனால் அது எல்லோருக்கும் எட்டும் வண்டி இல்லை. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் வண்டி என்பதால், பால்காரரும் வாத்தியாரும் மீன் வியாபாரியும் வண்டிக்காரர்கள் ஆனார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் நாற்பது வருஷம் ஆனது, அவ்வளவுதான்.

காலையில் ஐந்து நிமிடம்

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி சொல்லுவார்: "தம்பி, வண்டி மாடு மாதிரி. வாய் பேசாது. நீதான் தடவிப் பார்க்கணும்." கடற்கரை ஊரில் வண்டிக்கு மூன்று எதிரிகள்: உப்புக் காற்று, மணல், முள். இதை மனசில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டியவை:

1. டயர். காற்று எவ்வளவு என்பது வண்டி மேனுவலிலும், சில வண்டிகளில் செயின் கவரிலும் எழுதியிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். சீமைக்கருவேல முள் டயருக்குள் இறங்கினால் உடனே காற்று போகாது; மறுநாள் காலையில்தான் தெரியும். ஆகவே கையால் தடவிப் பாருங்கள்.

2. செயின். நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும்; விறைப்பாக இருந்தால் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுவிடும். எண்ணெய் விட்ட செயினில் தேரி மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும்.

3. பிரேக். முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். டிரம் பிரேக் கேபிளில் உப்புத் துரு பிடித்தால், பிடித்த பிரேக் விடாமல் நிற்கும்.

4. இன்ஜின் ஆயில். வண்டியை நேராக நிறுத்தி, அளவுக் கம்பியில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா பாருங்கள்.

5. விளக்கும் ஹாரனும். 2017இல் இருந்து வரும் புது வண்டிகளில் முன் விளக்கு எப்போதும் எரியும். பழைய வண்டிக்காரர்கள் நாமாகத்தான் போட வேண்டும்.

வாரம் ஒருநாள் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாதம் ஒருமுறை ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். என் வண்டியில் முதல் தடவை திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி செம்மண் இருந்தது. மூச்சு அடைத்த இன்ஜின் பெட்ரோலைத்தான் அதிகம் குடிக்கும். சுத்தம் செய்த பிறகு லிட்டருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் கூடியது. தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு அது மாசக் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகக் காசு.

1952இல் சே குவேரா தன் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய நார்ட்டன் வண்டியில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டி சிலி நாட்டிலேயே உயிரை விட்டுவிட்டது. மீதிப் பயணம் லாரியிலும் கப்பலிலும் நடந்தும்தான். பெரிய மனிதராக இருந்தாலும் வண்டிக்கு அது தெரியாது.

நிறுத்தும் தூரம்: ஒரு சின்னக் கணக்கு

முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான் (நான் அதைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தேன்). பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். இப்போது சாலையில் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். ஆடு ஒன்று குறுக்கே வருகிறது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிக்கச் சுமார் ஒரு நொடி. அதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விட்டது. அதன் பிறகு பிரேக். பிரேக் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் கெழு × 9.8). காய்ந்த தார்ச் சாலையில் சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது உராய்வுக் கெழுவை 0.5 என்று வைத்துக்கொண்டால், 12.6 மீட்டர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 24 மீட்டர்.

அதே கணக்கு 60 கி.மீ. வேகத்தில்: யோசிக்கும் தூரம் 16.7 மீட்டர், பிரேக் தூரம் 28.3 மீட்டர், மொத்தம் 45 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகத்துக்கு வர்க்கம் உண்டு என்பதைப் பரீட்சைத் தாளில் மறந்தால் இரண்டு மார்க் போகும். சாலையில் மறந்தால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அதே தார்ச் சாலை மேல் மணல் பரவியிருக்கிறது என்று வையுங்கள். உராய்வு பாதியாகக் குறைந்து 0.25 ஆனால், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் மட்டும் 25 மீட்டர். இது நேர்ச் சாலைக்கு. வளைவில் நிலைமை வேறு.

டயரின் பிடி என்பது அன்றாடக் கூலி மாதிரி. அதற்குள்தான் அரிசியும் வாங்க வேண்டும், எண்ணெயும் வாங்க வேண்டும். வண்டியைத் திருப்பவும் அந்தப் பிடிதான், நிறுத்தவும் அந்தப் பிடிதான். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் திரும்ப, 123.5 ÷ 40, அதாவது சுமார் 3.1 மீ/நொடி² முடுக்கம் தேவை. காய்ந்த தாரில் கிடைப்பது 4.9. தாராளம். மணலில் கிடைப்பது 2.45. பிரேக்கைத் தொடாமலே வண்டி சறுக்கும். அந்த நேரம் பயந்துபோய் முன் பிரேக்கையும் பிடித்தால்?

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் நான் சாலையில் படித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை

உரிமம் வாங்கி நான்கு மாதம். கை பழகிவிட்டது என்ற திமிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி, "அண்ணே, மணப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். அவள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட். அது என் தலையில்.

முந்தின நாள் நல்ல மழை. மழைத் தண்ணீர் ஓரத்து மணலை அடித்துக்கொண்டு வந்து, ஒரு வளைவில் சாலை மேல் விரித்துப் போட்டிருந்தது. மேகம் விலகி, தூரத்தில் மணப்பாட்டுக் குன்றும் அதன் மேல் கோயிலும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. "அங்க பாரு!" என்று கையைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நொடிதான். நாற்பதில் இரண்டு நொடி என்றால் 22 மீட்டர். இரண்டு பஸ் நீளம். அந்த இரண்டு பஸ் நீளத்துக்கு வண்டியை யாருமே ஓட்டவில்லை.

திரும்பியபோது மணல் முன்னால் இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி காலுக்கடியில் இருந்து உருவிக்கொண்டு போனது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தங்கச்சி கையை ஊன்றி விழுந்திருந்தாள். வலது கை மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தலை மணலில் பட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு அடி தள்ளிக் கல் கிடந்தது. அந்தக் கல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

மாவுக்கட்டு ஆறு வாரம். அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. எங்கள் வீட்டில் என்னை அடுத்து படிக்க இருப்பவள் அவள்தான். அவள் எழுதும் கையை நான் ஒடித்தேன்.

அப்பா அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். இருபது நாள் நான் பஸ்ஸில் போனேன். பிறகு ஒரு ராத்திரி சாவியைத் தந்தார். கூடவே ஒரு புது ஹெல்மெட். மழைக்காலத்தில் விலை ஏறும் என்று சேர்த்து வைத்திருந்த கருப்பட்டியை விற்று வாங்கியது. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏல, நான் நெதம் நாப்பது பனை ஏறுதேன். உச்சியில இருந்து பாத்தா கடலும் தெரியும், கோபுரமும் தெரியும். ஏறும்போது பாத்திருக்கேனா? மட்டையில கால ஊனி உக்காந்த பொறவுதான் பாப்பேன். பாக்கணும்னா நிறுத்து. ஓட்டணும்னா ஓட்டு."

இந்தக் கட்டுரையின் பாடம் அந்தக் கடைசி வரிதான். மீதியெல்லாம் அதற்கு உரை.

நிறுத்திப் பார்ப்பது எப்படி?

வழியில் நல்ல இடம் கண்டுபிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நான் கடைப்பிடிப்பது இது:

1. இருபது நிமிடம் முன்னால் கிளம்புங்கள். நேரம் இல்லாதவன்தான் ஓட்டிக்கொண்டே பார்ப்பான்.

2. பாலம், குளத்தங்கரை, மணல்மேடு, இந்த மூன்றையும் விடாதீர்கள். நம் பக்கம் மலை இல்லாத சமவெளி. நாலடி உயரம் கிடைத்தாலே கண் நாலு மைல் போகும்.

3. வெளிச்சம் பார்த்துப் போங்கள். நம் கடல் கிழக்கே. காலையில் கடல், சாயங்காலம் தேரியும் உப்பளமும்.

4. டீக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். "இங்க பக்கத்துல என்ன பாக்க இருக்கு?" என்றால் ஒன்றும் இல்லை என்பார். "நீங்க சின்ன வயசுல எங்க குளிப்பீங்க?" என்று கேளுங்கள். கதை வரும்.

5. மணலில் சைடு ஸ்டாண்டு இறங்கி வண்டி சாயும். ஒரு துண்டுப் பனைமட்டையோ தட்டைக் கல்லோ அடியில் வையுங்கள். நான் பையில் ஒரு மட்டைத் துண்டு வைத்திருக்கிறேன். தார் விளிம்பைத் தாண்டி முழுக்க இறக்கி நிறுத்துங்கள். வளைவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

6. கிலோமீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். என் நோட்டில் இப்போது முப்பத்தோரு இடம் இருக்கிறது.

என் நோட்டில் இருந்து சில இடங்கள்

குலசேகரன்பட்டினம். பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம். இன்று முத்தாரம்மன் கோயில் தசராவால் எல்லோருக்கும் தெரியும். பத்து நாளும் வேஷம் கட்டிய பக்தர்கள், பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். மற்ற நாளில் அதே கடற்கரை வெறிச்சென்று கிடக்கும். காலை ஆறு மணிக்கு அங்கே நின்று பாருங்கள்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா? பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலைக்காக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குறுகிய பாதை ரயில் ஒன்று திசையன்விளை வரை ஓடியது. பனைவெல்லம் ஏற்றி வந்த ரயில். 1940 வாக்கில் நின்றுபோனது. எங்கள் தாத்தா காலத்துக் கருப்பட்டிக்கு ரயில் இருந்திருக்கிறது. அப்பா காலத்துக் கருப்பட்டிக்கு என் வண்டிதான்!

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது இங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். அந்தக் குலசேகரன்பட்டினம் வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, கடைசியில் விடுதலையானார்கள். உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்தும்போது இதையும் நினைக்கலாம்.

மணப்பாடு. குலசையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே குகை, பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அது. கருமேனியாறு கடலில் சேரும் இடமும் இதுதான். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத தண்ணீர். இப்போது நான் ஊருக்குள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறுகிறேன். வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள். அது அவர்கள் பட்டறை.

தேரி. உடன்குடி, காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் பரந்து கிடக்கும் செம்மணல் காடு. மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு. அதுதான் அந்தச் சிவப்பு. சுலபமாகச் சொன்னால், நம் வண்டியில் பிடிக்கும் துருவின் சொந்தக்காரன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்று இந்த மணலை அள்ளி அள்ளி மேடாக்குகிறது. சாயங்காலம் ஐந்தரைக்குத் தேரி மேட்டில் நின்றால் மண் எரிவது போலிருக்கும். வண்டியை மணலுக்குள் இறக்கிச் சாகசம் செய்யாதீர்கள். பின் சக்கரம் தோண்டிக்கொண்டு போகும், கிளட்ச் கருகும். பக்கத்து உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உப்பளம். திருச்செந்தூர் தாண்டி, காயல்பட்டினம், ஆறுமுகநேரிப் பக்கம். பாத்திகளில் வானம் அப்படியே விழுந்து கிடக்கும். ஆனால் உப்பு லாரி சிந்திய தண்ணீரும் உப்பும் சாலையை வழுக்கலாக்கும். இங்கே 30க்கு மேல் போகாதீர்கள்.

ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தாமிரபரணியும். ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்தது. பொதிகையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளில் பங்கு கொடுத்துவிட்டு, மீதியோடு புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு. செம்மணலில் இருந்து வரும் எனக்குப் பாலத்தில் ஏறியதும் முகத்தில் படும் குளிர்ச்சி வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

விடுமுறை நாளில் திருநெல்வேலிச் சாலையில் இன்னும் மேற்கே போனால் ஆழ்வார்திருநகரி, திருவைகுண்டம், ஆதிச்சநல்லூர். திருவைகுண்டத்தில் இருப்பது தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டை அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899இல் இருந்து சில வருஷம் தோண்டினார். இப்போது தோண்டிய குழியையே கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கும்படி 2023இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். இயந்திரவியல் மாணவன் அங்கே கிடைத்த இரும்புப் பொருள்களைப் பற்றிப் படிக்கும்போது நம் ஸ்மித்தி ஷாப் எவ்வளவு பழசு என்று புரியும்.

ராக்கெட்டும் சுற்றுவழியும்

28.2.2024 அன்று பிரதமர் நரேந்திர மோடி குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இங்கே எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு இது உடனே புரியும். துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேராகத் தெற்கே போனால் வழியில் இலங்கை. அதனால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து திரும்ப வேண்டும். அந்தச் சுற்றுவழிக்கு எரிபொருள் செலவு. எரிபொருள் கூடினால் தூக்கும் எடை குறையும். 34 மீட்டர் உயரமுள்ள எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய நஷ்டம். குலசையில் இருந்து தெற்கே வெறும் கடல். நேர்வழி. ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் நம் பக்கத்தில்தான்.

தும்பாவில் ஆரம்ப காலத்தில் ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு சக்கரத்தைக் குறைவாக நினைக்காதீர்கள் என்பதற்குத்தான் சொல்கிறேன். ஏவுதளம் எழும்பும்போது அங்கே டிப்ளமோக்காரனுக்கும் வேலை இருக்கும் என்று நான் நம்புகிறேன். அதுவரை கையும் காலும் முழுசாக இருக்க வேண்டும்.

பருவம் அறிந்து ஓட்டு

ஆடிக் காற்று மேற்கில் இருந்து அடித்துத் தள்ளும். பஸ், லாரி பக்கத்தில் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று, பிறகு அறையும். கைப்பிடியை இறுக்காமல், தொடையால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள்.

தசரா நாட்களில் மாலை போட்டவர்கள் ராத்திரியும் சாலையோரம் நடந்து வருவார்கள். அந்தப் பத்து நாளும் சாலை அவர்களுக்குச் சொந்தம் என்று நினைத்து ஓட்டுங்கள்.

மழை. 2023 டிசம்பர் 17, 18ஐ நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டு சாலைகளை அறுத்தது. திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் திருவைகுண்டத்தில் நின்று, பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். அன்று பார்த்தோம்: தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா இல்லையா என்பது மேலே இருந்து தெரியாது. ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். சைலன்சர் மூழ்கிய வண்டி நின்றால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஹெல்மெட். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 129ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. பின்னால் உட்காருகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒன்றோடு போனேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், கழுத்துப் பட்டையைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் வெறும் தொப்பி.

முடிவாக

நண்பர்களே! தினமும் ஒரே சாலையில் போகிறோம் என்று அலுத்துக்கொள்கிறோம். ஒரே சாலை இல்லை அது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. பார்க்கத் தெரிந்தவனுக்குத் தினம் ஐம்பது கிலோமீட்டர் புதுப் பாடம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

தங்கச்சி கட்டுப் பிரித்தபின் விரல் சரியாக மடங்கவில்லை. பந்தை அமுக்கி அமுக்கிப் பழகினாள். இப்போது தினம் நான்கு பக்கம் எழுதிப் பார்க்கிறாள். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் மணி பார்த்துச் சொல்கிறேன். பொதுத்தேர்வுக்கு அவளை நான்தான் வண்டியில் கொண்டுவிட வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். "ரெண்டு ஹெல்மெட் இருக்குல்லா, பெறகு என்ன?" என்றாள்.

மணப்பாட்டுக்கும் போன வாரம் போய் வந்தோம். அந்த வளைவில் 20இல் போனேன். வாயைத் திறக்கவில்லை, திரும்பவும் இல்லை. ஊருக்குள் வண்டியை நிறுத்தி, மட்டைத் துண்டை ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து, இரண்டு ஹெல்மெட்டையும் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் குன்றில் ஏறினோம். மேலே போய் உட்கார்ந்த பிறகு, "இப்ப பாரு" என்றேன்.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்